ஒன்பது கிலோ தர்பூசணியும் யூஜென்னின் கட்டிலும்

மே 14
தைவானின் தைனான் நகரில் ஆஸ்பத்திரிக் கட்டில் பழுது பார்ப்பவர்கள் பலர். கட்டிலின் மனம் அறிந்தவன் நான் ஒருவன்தான்.

தங்கை மகள் யூஜென்னுக்குப் பிரசவ நாள் குறித்தாயிற்று: 20ஆம் தேதி காலை ஒன்பதேகால், ஜோசியர் கொடுத்த நேரம். வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும். அவள் இரத்தம் சட்டென்று உறையாதாம். அதனால் முதுகில் ஊசி கூடாது, முழு மயக்கம்.

மயக்க மருத்துவர் சுயே என்னிடம்தான் விளக்கினார், யூஜென்னும் பக்கத்தில் இருந்தாள். மல்லாந்து படுத்தால் வயிறு நுரையீரலை நெருக்கும். மூச்சுக் கையிருப்பு குறையும். தலைப்பக்கம் முப்பது டிகிரி உயர்த்தி, மூன்று நிமிடம் ஆக்சிஜன் இழுத்துச் சேமித்தால், மயங்கியபின் குழாய் செருகும்வரை தாங்கும். இதை நான் இருபது வருடமாகச் சொல்லிவருகிறேன்.

மே 15
யூஜென்னின் மாமியார் குவெய்யிங் ஒப்பவில்லை. கர்ப்பிணியின் கட்டிலில் கருத்தெய்வம் குடியிருக்கிறதாம். அசைத்தால் பிள்ளை உடம்பில் தழும்பு விழுமாம்.

"நகத்தலயே சம்பந்தி, தலைப்பக்கத்த மட்டும் தூக்குறோம்."

"நீங்க உக்காந்திருக்கற நாற்காலிய ஒருத்தன் ஒரு பக்கமா தூக்குனா சும்மா இருப்பீங்களா?"

பதில் இருந்தது. மரியாதைக்காகச் சொல்லவில்லை.

மே 16
யூஜென் அழுதாள். "தட்டையாவே படுக்க வைங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லப்போறேன் மாமா. பிள்ளைக்கு ஒண்ணுன்னா காலம் பூரா என்னையத்தான் சொல்லுவாங்க."

மூச்சு பத்தாமப் போனா, அந்தப் பேச்சக் கேக்க இவ இருப்பாளா —

மே 17
ஆராய்ச்சி. வயிற்றில் ஒன்பது கிலோ தர்பூசணி வைத்து, மல்லாந்து மூச்சடக்கினேன். நான்கு நிமிடம். மனைவி கணக்கில் பதினெட்டு நொடி. அவள் கடிகாரம் மெதுவாக ஓடும். தலையை உயர்த்தியபோது ஆறு நிமிடம். முப்பத்தொரு நொடி என்கிறாள்.

மே 18
தர்பூசணியைச் சம்பந்தி வீட்டுக்குச் சுமந்துபோனேன். குவெய்யிங் கத்தியை எடுத்தார்.

"வெட்டாதீங்க. உங்க கட்டில்ல படுங்க. அதுல எந்தச் சாமியும் இல்ல."

"அறுபத்திநாலு வயசுல எனக்கு இது வேற."

ஆனாலும் படுத்தார். பழத்தை வைத்த பத்தாவது நொடி முகம் கத்தரிக்காய் நிறம். முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி உயர்த்தினேன், மூச்சு வந்தது. பழத்தைப் பக்கத்தில் இறக்கி வைத்தார்.

"அவளுக்கும் இப்படித்தான் இருக்குதா?"

"பல மாசமா."

எழுந்து துடைப்பத்தை எடுத்தார். "முதல்ல கட்டிலச் சுத்திப் பெருக்கி, சாமிய நகந்து உக்காரச் சொல்லணும். அப்புறம் தூக்கிக்குங்க."

மே 20
துடைப்பத்தை அறுவை அறைக்குள் விடவில்லை. வார்டுக் கட்டிலைச் சுற்றிக் குவெய்யிங் பெருக்கினார். அறுவை மேசையை விடியலில் சரிபார்க்கப் போனபோது, கிருமிநாசினித் துணியால் துடைத்துக்கொண்டே நான் சாமியிடம் இரண்டு வார்த்தை பேசினேன். மேசை கிறீச்சிட்டது. சாமி நகர்ந்துவிட்டது.

தலைப்பக்கம் முப்பது டிகிரி உயர்ந்தது. ஒன்பதேகால். பெண். மூன்று கிலோ நூறு. குவெய்யிங் புரட்டிப் புரட்டித் தேடினார், தழும்பு இல்லை. யூஜென் கண் விழித்ததும் என்னைத்தான் கேட்டாளாம். தண்ணீர் கேட்டாள் என்கிறாள் நர்ஸ்.

மே 22
வார்டுக்குப் போனேன். யூஜென் நல்ல தூக்கம், குழந்தை அருகில். தலைப்பக்கத்தைக் கொஞ்சம் இறக்கலாமென்று கைப்பிடியைத் தொட்டேன்.

குறுக்கே துடைப்பம் நீண்டது.

"முப்பது டிகிரி சம்பந்தி. கைய எடுங்க."