நான்கு சதவீதம்

நாள் 41. காலை 08:10

நிலவின் தென்துருவம், பனிக்குழி ஏழு. மருத்துவப் பதிவு. எழுதுபவர்: மருத்துவர் ஷெரின் ஜெபமணி. இந்தப் பதிவேடு நிலையச் சுவருக்குள் இருக்கும் பெட்டியில் தானாகச் சேமிக்கப்படும். தலைமையகம் படிக்கலாம், திருத்த முடியாது. விபத்து நடந்தால் பின்னால் வருகிறவர் கண்டெடுப்பதற்கான ஏற்பாடு. இதுவரை விபத்து எதுவும் இல்லை.

தொழிலாளர்கள் பதினொரு பேர். எல்லாரும் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள். இங்கே இருட்டுக் குழிக்குள் பனியை வெட்டி வண்டியில் ஏற்றுகிறார்கள். விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை உடையின் வடிகட்டி உறிஞ்சும். அது நிறைந்து, தலைக்கவசத்துக்குள் வாயு இரண்டு சதவீதம் ஆனால் மணி அடிக்கும். திரும்பி வந்து வடிகட்டியை மாற்ற வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வருகிறார்கள். நடந்து போக வர ஒன்றரை மணி நேரம்.

இன்று இருவருக்குத் தலைவலி. மாத்திரை கொடுத்தேன்.

நாள் 44. காலை 11:30

தலைமையகச் செய்தி: "மணி அடிக்கும் அளவை நான்காக உயர்த்துவதால் பாதிப்பு இல்லை என்பதற்கு மருத்துவச் சான்று தேவை. ஒரு வாரத்துக்குள் அனுப்பவும்."

பதிலையும் அவர்களே எழுதிவிட்டார்கள். என் பெயர் மட்டும்தான் பாக்கி.

நாள் 50. மாலை 16:00

நான்கு பேரை நாற்காலியில் உட்காரவைத்து, நான்கு சதவீதத்தில் ஒரு மணி நேரம் வைத்திருந்தேன். கூட்டல் கணக்கு கொடுத்தேன். நன்றாகவே போட்டார்கள். ஆனால் குழிக்குள் ஆறு மணி நேரம் இருக்க வேண்டியிருக்கும், கையில் கடப்பாரையோடு. அது எனக்குத் தெரியும்.

"குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நான் போடாவிட்டால் அடுத்த கப்பலில் வருகிறவர் போடுவார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த கப்பல் வர எட்டு மாதம் ஆகும்.

நாள் 58. மதியம் 13:15

புதிய அளவு நடைமுறையில். வெட்டும் பனி மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. புதிய வடிகட்டி இருக்கும் அலமாரிக்கும் பூட்டு வந்துவிட்டது. உடையின் அளவு நான்கைத் தொட்டால்தான் திறக்கும். எனக்குப் பாராட்டு வந்தது, கூடவே ஒரு புகாரும்.

இவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கால் மணிக்கு ஒருமுறை, எல்லா உடைக்கும் கேட்கும் பொது ரேடியோ லைனில் பேர் கேட்பார்கள். கேட்பது குழுத்தலைவி சண்முகக்கனி. சொல்ல வேண்டியது தன் பேரை அல்ல, பக்கத்தில் நிற்கும் ஆளின் பேரை.

"ஏ வேலம்மா, ஒம் பக்கத்துல யாரு?"

"மாடத்தி."

"மாடத்தி, ஒம் பக்கத்துல?"

"பொன்னுலிங்கம் அண்ணாச்சி. வெட்டுத மாதிரி நடிச்சிக்கிட்டு நிக்காவ."

பேர் சொல்ல யாராவது தடுமாறினால் பதினொரு பேரும் வேலையைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். உப்பளத்து வெயிலில் ஆட்கள் சுருண்டு விழுவதற்கு முன்னால் கண்டுபிடிக்க உண்டான பழக்கமாம். புதிய அளவு வந்த பிறகு இப்படி ஆறு முறை, மணி அடிக்காமலே திரும்பியிருக்கிறார்கள்.

தலைமையகம் கேட்டது: "இதற்கு மருத்துவக் காரணம் உண்டா?"

"இல்லை" என்றேன். பொது லைனை மூடச் சொன்னார்கள். மூடினேன். இனி ஒவ்வொருவர் குரலும் எனக்கு மட்டும் கேட்கும்.

நாள் 59. காலை 09:40

சண்முகக்கனியிடமிருந்து: "டாக்டரம்மா, மணிக்கு என்ன தெரியும்? ஆளுக்குத்தான் ஆளத் தெரியும். லைனத் தொறந்து விடுங்க."

விதி அப்படி என்று சொன்னேன்.

"வெதியில கையெழுத்துப் போட்டது நீங்கதானம்மா?"

கோபம் வந்தது. யார் மேல் என்று யோசிக்காமல் வேறு வேலை பார்த்தேன்.

நாள் 66. மதியம் 14:20

இசக்கியம்மாளைக் காணவில்லை. வயது முப்பத்தெட்டு. வண்டி நிரம்பியபோது பத்துப் பேர்தான் நின்றார்கள். அவள் உடையிலிருந்து கடைசியாக வந்த அளவு 3.9. மணி அடிக்கவில்லை. காற்று 17:10 வரைதான்.

13:05க்கு அவள் என்னிடம் பேசியிருக்கிறாள். ஒலிப்பதிவை இப்போது கேட்டேன்: "டாக்டரம்மா, வெயிலு ரொம்ப அடிக்கு. உப்புப் பாத்தியப் பாத்துட்டு வாரேன்."

இந்தக் குழிக்குள் வெயில் விழுந்ததே இல்லை. நான் அப்போது மருந்துப் பட்டியல் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்து, "பேச்சு இயல்பு" என்று குறித்திருக்கிறேன்.

14:35

தேட வண்டி கேட்டேன். பதில்: "வண்டி சரக்குக்கு ஒதுக்கப்பட்டது. ஏற்றி முடிந்ததும், 18:00க்குப் பிறகு தேடலாம்."

காற்று 17:10 வரைதான் என்று மறுபடி அனுப்பினேன்.

14:50

பதில் இல்லை. பதினைந்து நிமிடம் அனுமதிக்காகக் காத்திருந்தேன். யாரும் என் கையைக் கட்டிப்போடவில்லை. இதைப் படிப்பவர் அந்தப் பதினைந்து நிமிடத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளட்டும்.

பொது லைனைத் திறந்துவிட்டேன். பத்துக் குரலும் ஒன்றாக வந்தன. "பனியத் தட்டுங்கல கீழ! வண்டியத் திருப்பு!" அது சண்முகக்கனி. நானும் உடை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன். இருப்பது பாதி தீர்ந்த வடிகட்டிதான். அலமாரி எனக்கும் திறக்கவில்லை.

16:05. குரல் பதிவு

குழிக்குள். என் அளவு 3.2. நெற்றிக்குள் இடிக்கிறது. மூச்சு வேகமாக. கிழக்குச் சுவர் பார்த்தாயிற்று. பதினொரு பேரும் நன்றாக இருக்கிறோம். இல்லை. பத்து. என்னோடு பதினொன்று. அவளைச் சேர்த்தால்... பிறகு எண்ணுகிறேன்.

16:40. குரல் பதிவு

3.6. மணி இல்லை. எதற்கு வந்தோம் என்று ஒரு நிமிடம் நின்றேன். கிழக்குச் சுவர் பார்த்தாயிற்று. இதைச் சொன்னேனா?

"டாக்டரம்மா, ஒங்க பக்கத்துல யாரு?"

முகம் தெரிகிறது. இவளுக்கு ஊசி போட்டிருக்கிறேன். இடது கையில் தழும்பு. பெயர் வரவில்லை. வரவே இல்லை. "இசக்கி" என்றேன்.

"புடிங்க அவங்கள. மேல கூட்டிட்டுப் போங்க."

மாலை 18:30

நிலையத்தில் இருக்கிறேன். தலை தெளிந்துவிட்டது. என் பக்கத்தில் நின்றவள் வேலம்மாள்.

இசக்கியம்மாளை 16:58க்குக் கண்டுபிடித்தார்கள். மேற்கு மூலையில் உட்கார்ந்து, மண்ணைக் கையால் கூட்டி வரப்பு கட்டிக்கொண்டிருந்தாளாம். வண்டியில் ஏற்றும்போது உயிர் இருந்தது. நிலைய வாசல் வருவதற்குள் போய்விட்டது. பதினைந்து நிமிடம் முன்னால் கிளம்பியிருந்தால் பிழைத்திருப்பாள்.

என்னை ஏசுவார்கள் என்று லைனில் காத்திருந்தேன். சண்முகக்கனி சொன்னது இவ்வளவுதான்: "எட்டு நாளா அவ பேர யாரும் கேக்கலியே. நாங்கதான் விட்டுட்டோம்."

நீங்கள் இல்லை, நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுதேன். அவர்களுக்கு அதுவும் கேட்டிருக்காது, என் குரல் போகும் லைனை நானே அணைத்துவைத்திருந்தேன்.

நாள் 67. காலை 09:00

தலைமையகத்துக்கு அனுப்பியது: "ஐம்பதாம் நாள் நான் தந்த சான்று தவறானது. அதைத் திரும்பப் பெறுகிறேன். நான்கு சதவீதம் ஆளைக் கொல்லும். மணியை இன்றே இரண்டுக்கு மாற்றவும்." பத்துப் பேரும் குழிக்குள் இறங்க மறுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். சான்று ரத்தானால் அவர்கள் பக்கம் நியாயம். ஆகாவிட்டால் ஒப்பந்த மீறல், உணவு பாதியாகும். எல்லாம் அந்த ஒரு தாளில் தொங்குகிறது.

நாள் 68. காலை 10:15

பதில் வந்தது. முழுவதுமாகத் தருகிறேன்:

"தங்கள் கடிதம் கிடைத்தது. நாள் 66 அன்று தங்கள் உடையில் பதிவான கரியமில வாயு 3.6 சதவீதம். மூன்றைத் தாண்டிய அலுவலரின் மதிப்பீடு நம்பத்தக்கதல்ல என்பது நிறுவன விதி. எனவே இப்பணிக்காலம் முடியும்வரை தங்கள் புதிய கருத்துகள் ஏற்கப்படா. முந்தைய சான்றே செல்லும். இன்று முதல் அது பதினான்கு குழிகளுக்கும், இரண்டாயிரத்து அறுநூறு தொழிலாளர்களுக்கும் பொருந்தும். ஓய்வெடுங்கள்."

மூன்று முறை படித்தேன். நாற்காலியில் இருக்கும் அலுவலருக்கு மூன்றிலேயே புத்தி கெடுமாம். கடப்பாரை பிடித்தவருக்கு நான்கு வரை ஒன்றும் ஆகாதாம்.

10:40

லைன் துண்டிக்கப்பட்டுவிட்டது. வெளியே எதுவும் போகவில்லை. இந்தப் பெட்டி மட்டும் மிச்சம்.

கண்டெடுப்பவரே, விசாரணையில் எனக்காக யாராவது பரிந்து பேசலாம். அந்த மருத்துவரும் அதே காற்றைத்தான் சுவாசித்தார், மயக்கத்தில் கையெழுத்திட்டிருப்பார் என்று சொல்லலாம். நம்பாதீர்கள். நான் ஐம்பதாம் நாள் அறைக் கருவியைப் பார்த்துக் குறித்துவைத்திருக்கிறேன். அளவு 0.3. என் தலை மிகத் தெளிவாக இருந்தது.