பை பார்க்க ஒரு ஆள்

22 ஏப்ரல் 2025, செவ்வாய்

மகன் ஜெனில் காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டான். மத்தியானமே பெங்களூருக்குத் திரும்பிவிட்டான், லீவு இல்லையாம். அமிர்தாவுக்குப் பன்னிரண்டு வயது, என் தோளுக்கு வந்துவிட்டாள். நிஜினுக்கு எட்டு. பையைக் கீழே வைக்கும் முன்னே கேட்டான், "பாட்டி, பூவார்ல போட்டிங் எப்போ?"

நான் வாய் திறக்குமுன் தாத்தாவாகிய இவர் சொல்லிவிட்டார். "அதெல்லாம் பாட்டா உங்க அப்பாகிட்ட சொல்லியாச்சு மக்கா. சனிக்கிழமை ஒண்ணு பாத்து போலாம்."

எனக்குத் தெரியாது. போகட்டும். காரோட்டிலிருந்து பூவாருக்கு பஸ்ஸில் அரை மணி நேரம்கூட இல்லை. இந்த வீட்டுக்கு வாழ வந்து முப்பத்தெட்டு வருஷம். அந்தப் படகில் ஒரு தடவைகூட ஏறினதில்லை. எப்போதும் ட்யூட்டி, இல்லாவிட்டால் யாருக்காவது காய்ச்சல்.

27 ஏப்ரல், ஞாயிறு

சபை முடிந்து வரும் வழியில் பாறசாலையில் வழுக்காத ரப்பர் செருப்பு ஒன்று வாங்கினேன். படகுக்கு.

3 மே, சனி

இன்றைய கோபம் எழுதினால்தான் அடங்கும்.

நாலு மணிக்கு எழும்பினேன். மரச்சீனிக் கிழங்கு அவித்து, மீன்கறி தனியாக, நிஜினுக்கு முட்டை தோசை, வெந்நீர் இரண்டு பிளாஸ்க். எல்லாம் கட்டி ஆட்டோவில் ஏறிப் பூவார் போய்ச் சேர்ந்தோம். படகுத்துறைக் கவுண்டரில் இவர் போனைக் காட்டினார். ஜெனில் ஆன்லைனில் போட்டது. அங்கிருந்த ஆள் வாசித்தான்: யோசுவா, அமிர்தா, நிஜின்.

இவரும் பிள்ளைகளும், மூன்று பேர். அவ்வளவுதான்.

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் தண்ணீரைப் பார்த்தார்.

கவுண்டர்க்காரனுக்கே மனசு கேட்கவில்லை. "ஒராளு கூடி கேறலாம் சாரே, இடம் உண்டு."

அதற்கு இவர் சொன்னது, அத்தனை பேர் நிற்கையில்: "வேண்டாம். அவளுக்க முட்டுக்கு ஆவாது. பையெல்லாம் பாக்கதுக்கும் ஒரு ஆளு வேணும்லா."

முழங்கால் முட்டு வலிக்கிறதா என்று கேட்டாரா? கேட்கவில்லை. நான் முடியாது என்று சொன்னேனா? சொல்லவில்லை. அமிர்தா, "பாட்டி வரலியா?" என்று இரண்டு தடவை கேட்டாள். "பாட்டிக்கு வெள்ளம்னா பேடியாக்கும்," என்றார். எனக்கா பேடி, தண்ணீரைக் கண்டு பயம்! வெட்டுப்பட்டு வந்தவனின் குடலை இந்தக் கையால் தாங்கிப் பிடித்திருக்கிறேன். முப்பத்தொரு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள் நான்.

பிள்ளைகள் முன்னால் வாயைக் கட்டிக்கொண்டேன். லைஃப் ஜாக்கெட் வாரை இறுக்கிவிட்டேன். கையும் காட்டினேன். படகு போனது. நான், மூன்று பை, இரண்டு பிளாஸ்க்.

இருபது நிமிஷம் இருந்தேன். ஒவ்வொரு நிமிஷமும் எண்ணினேன். அப்போது ஒரு சின்னப் படகு காலியாக வந்து கரை சேர்ந்தது. ஓட்டுகிறவர் பெயர் விஜயதாஸ், ஐம்பது வயதிருக்கும். "சேச்சி ஏன் ஒத்தைக்கு இரிக்குது? ஒரு றவுண்டு போயிட்டு வரலாம், கேறுங்கோ."

எழும்பினேன். துறையோரத்தில் சாயாக்கடை வைத்திருக்கும் லேகாவிடம் பைகளைக் கொண்டுபோய் வைத்தேன். "பாத்துக்கோ மக்கா, வாறேன்." அவள் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவைத்தாள். ஏறும்போது முட்டு வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். படியில் உட்கார்ந்து, காலை முதலில் படகில் வைத்து, பிறகு உடம்பை இறக்கினேன். கோணலாகத்தான் இருந்திருக்கும். இருக்கட்டும்.

தண்ணீரில் வேரூன்றி நிற்கும் கண்டல் மரங்களுக்குள் போனதும் விஜயதாஸ் எஞ்சினை நிறுத்தினார். வேர்களுக்கு இடையில் வெயில் துண்டு துண்டாகக் கிடந்தது. ஒரு நீர்க்காகம் சிறகை விரித்து வெயிலில் உணக்கிக்கொண்டிருந்தது, நனைந்த குடை மாதிரி. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. கறி எங்கே, மாத்திரை எங்கே, சார்ஜர் எங்கே — ஒன்றுமில்லை. கண் நிறைந்துவிட்டது. எதற்கென்று தெரியவில்லை.

திருப்பத்தில் எதிரே ஒரு படகு. "பாட்டீ!" நிஜின் எழும்பி நின்றுவிட்டான், படகோட்டி அதட்டி உட்காரவைத்தார். அமிர்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். இவர் என்னைப் பார்த்தார், விஜயதாஸைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு கத்தினார்:

"பை எங்கட்டீ?"

முப்பத்தெட்டு வருஷம். பை எங்கட்டீ!

"போலாம் விஜயதாஸ்," என்றேன். பொழிமுகம்வரை போய், கடலும் ஆறும் சேருகிற இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன்.

4 மே, ஞாயிறு

ஜெனில் போனில் சத்தம். "அம்மா, விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்? யார் பொறுப்பு?" பாட்டாவும் பிள்ளைகளும் போனபோது யார் பொறுப்பு என்று நீ கேட்டியாலே என்றேன். வைத்துவிட்டான்.

இவருக்குச் சோறு போட்டு மூடிவைத்தேன், தானே எடுத்துத் தின்றார்.

6 மே, செவ்வாய்

மருமகள் பின்சி போனில் தனியாகக் கூப்பிட்டாள். தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நான் நாலு பேருக்குத்தான் போடச் சொன்னேன் அத்தே. இவங்க மாமாகிட்ட கேட்டாங்க. மாமாதான் மூணு போதும்னு..."

ஆக, மகன் மறக்கவில்லை. முட்டும் காரணம் இல்லை. கவுண்டரில் வாயில் வந்த சாக்குப்போக்கு இல்லை அது, முன்கூட்டியே யோசித்துச் செய்தது. இத்தனை நாள் அதை மனதில் வைத்துக்கொண்டு நான் செருப்பு வாங்கியதையும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்!

9 மே, வெள்ளி

கேட்டுவிட்டேன். பிள்ளைகள் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார்கள். "எதுக்காக்கும் என்னை வேண்டாம்னு சொன்னது?"

பேப்பரை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"நீ வந்தா அதுவ ரெண்டும் ஒனக்க மடியிலதான் கெடக்கும். எனக்க கிட்ட ஒரு நேரமாவது இருக்கட்டும்னு நெனச்சேன்."

நான் பேசத் தயாராக வைத்திருந்தது எல்லாம் வேறு ஒரு பதிலுக்கு.

"அதை எனக்கிட்ட சொல்லப்பிடாதா?"

"எப்பிடிச் சொல்ல?"

சொல்லியிருந்தால் நானே வீட்டில் இருந்திருப்பேன். — இருந்திருப்பேனா? தெரியவில்லை. அவர் முகம் பாவமாக இருந்தது. ஆனால் கோபம் போகவில்லை. பாவம் தோன்றினால் கோபம் போய்விட வேண்டுமா என்ன? அத்தனை பேர் முன்னால் எனக்குப் பேடி என்று சொன்னது சொன்னதுதான். அதையும் சொன்னேன். "தெற்றுதான், தப்புதான்," என்றார், பேப்பருக்குள்ளிருந்து.

10 மே, சனி

இவர் இரண்டு பேரையும் பொழியூர் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். நான் போகவில்லை. தலைவலி என்றேன். தலைவலி இல்லை.

18 மே, ஞாயிறு

பிள்ளைகள் போயாச்சு, ஜெனில் வந்து கூட்டிப்போனான். ரயில் ஏறும்போது நிஜின் பாட்டாவின் கழுத்தை விடவில்லை. இவர் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. சாயங்காலம் ஜெனில் இவருக்குப் போன் செய்தான். தசரா லீவுக்கு நாங்கள் பெங்களூர் வர வேண்டுமாம், எந்தத் தேதிக்கு டிக்கெட் போட என்று கேட்கிறான். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

இவர் கொஞ்சம் இருமினார். "எனக்குத் தெரியாது. அம்மைகிட்ட கேளு." போனை என் பக்கம் நீட்டினார்.

"அம்மா, ஒனக்கு எப்ப சௌகரியம்?"

அக்டோபர் முதல் வாரம் எனக்குச் சும்மாதான். அதை அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் என்னைக் கேட்டு டிக்கெட் போடுவது இதுதான் முதல் தடவை.

"யோசிச்சு நாளைக்குச் சொல்லுதேன் மக்கா," என்றேன்.