நீங்கள் அவர்களுக்குச் சொன்ன பாடம்

இன்று காலை பீரோவைத் திறந்தபோது உங்கள் நீலச் சட்டைக் காலரில் அந்தச் சின்ன மைக் மாட்டியபடியே இருந்தது. சட்டையில் இன்னும் உங்கள் வாசனை. மைக்கைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது. உங்கள் பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டது அதுதானே.

சுரங்க வேலையிலிருந்து ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, டவுன்ஷிப்புக்கு வெளியே நம் வீட்டுக்கு வந்த பிறகு, பின்னறையில் உட்கார்ந்து ஜாம்பியாவில் சுரங்கப் படிப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கு வீடியோவில் பாடம் எடுத்தீர்கள். அங்கே நெட் மெதுவாம். அவர்களுக்காக ஒவ்வொரு பாடத்தையும் சின்னச் சின்னதாக வெட்டி ஏற்றினீர்கள். நான் மிக்சியைப் போட்டால், "செத்த நேரம் நிறுத்தேன், பிள்ளைங்க பாடம்" என்பீர்கள். ஏதோ நான் பெற்ற பிள்ளைகள் மாதிரி!

நீங்கள் கண்ணை மூடியபின் உங்கள் பெயரிலிருந்த கணக்கு முடங்கி, அங்கே பாடங்கள் திறக்கவில்லை. வீடியோக்கள் இருந்த ஹார்ட் டிஸ்க் என்னிடம் இருந்தது. போன மாதம் நம் கவிதா வந்தாள்.

"அம்மா, அவங்களுக்குப் பரீட்சை வருது. புதுசா ஒரு கணக்குல ஏத்தித் தரட்டுமா? நீ சரின்னு சொல்லணும்."

"இருடி, நான் மொதல்ல பாத்துட்டு சொல்றேன்" என்றேன்.

பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

என் சமையலறைப் புனலின் வாயைச் சப்பாத்தி மாவால் மூடி, அடியிலிருந்து ஊதுகிறீர்கள். மாவு உப்பிக் கிழிகிறது. நிலக்கரிக்குக் கீழே இருக்கும் தண்ணீர் இப்படித்தான் மேலே முட்டும், பம்பு நின்றால் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும் என்கிறீர்கள். சிரிக்கிறீர்கள். "புரியவில்லையா? பரவாயில்லை, மறுபடி பார்ப்போம்" என்று இங்கிலீஷில் அவ்வளவு நிதானமாகச் சொல்கிறீர்கள்.

கல்யாணமான புதிதில் நான் இதையேதான் கேட்டேன். "மைன்ஸ்ல ஏங்க ராப்பகலா தண்ணி எறைக்கிறாங்க?" நைட் ஷிப்டு முடிந்து வந்திருந்தீர்கள். "அது உனக்கெதுக்கு? சோத்தைப் போடு" என்றீர்கள். நம் வீட்டில் எதையாவது நீங்கள் இரண்டாவது முறை சொன்னதுண்டா? முகம் தெரியாத பிள்ளைகளுக்கு அத்தனை பொறுமையும் எங்கிருந்து வந்தது? வயிறு எரிந்தது. கொடுக்க மாட்டேன் என்றே நினைத்தேன்.

அப்புறம் மெர்சி என்ற பெண் கவிதாவின் போனில் வீடியோ காலில் வந்தாள். அங்கே படிக்கிறவள். ஏதோ சொல்லிக்கொண்டே வந்தவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. கவிதாதான் எனக்குச் சொன்னாள்: "அவளுக்கு ஒரு பாடத்துல சந்தேகமாம்மா. அப்பாகிட்ட கேக்கணும்னு வச்சிருந்தாளாம். இனிமே யார்கிட்ட கேக்குறதுன்னு அழுவுறா."

எனக்கும் உங்களிடம் கேட்க எவ்வளவோ இருக்கிறது. வீடியோவை எத்தனை முறை ஓட்டினாலும் நீங்கள் பதில் சொல்லப் போவதில்லை, அவளுக்கும் சரி, எனக்கும் சரி.

"அழுவாதன்னு சொல்லுடி" என்றேன். "எல்லாத்தையும் ஏத்திக் குடுத்துடு."

இப்போது அங்கே திறக்கிறதாம். வருடா வருடம் புதுப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களுக்கும் சலிக்காமல் சொல்லிக்கொடுப்பீர்கள். பொறாமை தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அதை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. பாடம் அவர்களுடையதாகிவிட்டது. உங்களுக்காகப் பொறாமைப்பட எனக்கு மட்டும்தான் உரிமை.