மாற்றுச் சாவி என்னிடம் இருந்தபோது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முணுமுணுக்கிறது, மற்றபடி இரண்டு வேளை நடக்கிறார், மூன்று வேளையும் குறை சொல்கிறார். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் வராமல் நன்றாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் எதற்கு இத்தனை பக்கம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று கேள்வி கேட்பாய். இந்த விஷயத்தை நான் முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் சொல்லியாக வேண்டும்.

நீ இரண்டு கேட்டிருந்தாய். வாடகைக்கு விட இன்னொரு வீடு வாங்கலாமா என்பது ஒன்று. உன் வீட்டில் குடியிருக்கும் அந்தப் பல் லேப் பெண் காலி செய்யப் போவதாக மெசேஜ் அனுப்பியிருக்கிறாளே, என்ன காரணம் என்பது இன்னொன்று. எனக்கென்ன தெரியும் என்று அன்றைக்குப் போனில் சொல்லிவிட்டேன். தெரியும். காரணம் நான்தான்.

அதற்கு முன்னால் இரண்டாவது வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போடுகிறேன் என்று உனக்குப் புரியும், பரவாயில்லை. முதல் வீட்டை வாங்கும்போது நீ ஊரில் இல்லை, பார்த்து முடித்தவள் நான், அதனால் தப்பெல்லாம் என் கணக்கில்தான். புரோக்கர் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார், வெளிச்சமும் காற்றும் அப்படி இருந்தது, நானும் மயங்கிவிட்டேன். காலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் குழாயைத் திறந்தால் மூன்றாம் மாடியில் தண்ணீர் நூலாகத்தான் வரும் என்பது பத்திரம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. இனிமேல் எந்த வீடானாலும் காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், வேலைநாளில் ஒரு தரம் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. கீழ்வீட்டுக்காரர் வாசலில் நின்றால் இரண்டு வார்த்தை பேசு, புரோக்கர் சொல்லாததையெல்லாம் அவர் சொல்வார். சுவருக்குக் கரும்பச்சை அடித்தேனே, அதுவும் என் ஆசைதான், குடியிருக்கப் போவது நான் இல்லை என்பதே மறந்து போயிற்று. பார்க்க வந்த நாலு பேரில் மூன்று பேர் வெள்ளை அடித்துத் தருவீர்களா என்று கேட்டார்கள். சித்தியின் தம்பிக்கு விடலாம் என்று நான் சொன்னபோது அப்பா ஒரே பிடியாக வேண்டாமென்றார், சொந்தக்காரனிடம் வாடகை கேட்கவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது என்றார். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி, இதை அவரிடம் சொல்லிவிடாதே.

எல்லாவற்றையும் விடப் பெரிய தப்பு, பன்னிரண்டு மாதமும் வாடகை வரும் என்று நினைத்துக் கணக்குப் போட்டது. கூட ஒரு ஆயிரம் வரட்டும் என்று வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினேன், வீடு நாலு மாதம் பூட்டிக் கிடந்தது. அந்த நாலு மாத வங்கிக் கடன் தவணையையும் நீ உன் சம்பளத்திலிருந்து கட்டினாய், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வருஷம் லீவு கிடைக்கவில்லை அம்மா என்று சொல்லி வராமல் இருந்தாய். லீவு கிடைத்தது, டிக்கெட்டுக்குத்தான் பணமில்லை என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. பல் பெண் மெசேஜ் அனுப்பிய நாளிலிருந்து நான் நினைத்துக்கொண்டிருப்பது இதுதான். வீடு மறுபடி காலியானால் இந்த வருஷமும் நீ வரமாட்டாய், அதற்குக் காரணம் நானாக இருப்பேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அவளைப் பற்றி உனக்குத் தெரியும், பல் செட் செய்கிற லேபில் வேலை, அப்பா வேண்டுமென்றே டாக்டர் டாக்டர் என்று கூப்பிடுவார், அவளும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவாள். இரண்டு வருஷமாக ஒன்றாம் தேதி தவறியதில்லை, சுவரில் ஓர் ஆணி அடிக்க இரண்டு தரம் கேட்டவள். போன மாதம் கீழ்வீட்டுக்காரர் தன் குளியலறைக் கூரையில் ஈரம் பூத்திருக்கிறது என்றார். அவளுக்குப் போன் செய்தேன், சனிக்கிழமை இருப்பேன், அன்றைக்கு ஆளை அனுப்புங்கள் என்றாள். பிளம்பரோ, இப்போது வந்தால் உண்டு, விட்டால் பத்து நாள் ஆகும் என்றார். மாற்றுச் சாவி என் கைப்பையில்தான் இருந்தது. நம் வீடுதானே என்று திறந்துவிட்டேன், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிளம்பர் இருபது நிமிஷத்தில் வேலையை முடித்துவிட்டுப் போனார். அவரோடு நானும் கிளம்பியிருக்க வேண்டும். சமையலறையில் பாத்திரம் கழுவாமல் கிடந்தது, நாற்காலியில் துணி குவிந்திருந்தது, மேஜை முழுக்க வெள்ளைப் பொடி. இருபத்தாறு வருஷம் கார்மென்ட்ஸில் சட்டைகளைத் தூக்கிப் பார்த்துப் பிசிறு வெட்டி, பழுதானதைத் தள்ளிய கை, சும்மா இருக்குமா. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். துணியை மடித்தேன். மேஜையில் பிளாஸ்டரில் செய்த தாடைகள் ஏழு ஜோடி இருந்தன, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துண்டுச் சீட்டு. லேபில் இடம் போதாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள், எனக்கு அது எங்கே தெரியும். எல்லாவற்றையும் பொடி தட்டி ஓர் அட்டைப் பெட்டிக்குள் அடுக்கினேன், சீட்டுகளைத் தனியாக எடுத்து ரப்பர் பேண்ட் போட்டு மேலே வைத்தேன், மேஜையைப் பளபளவென்று துடைத்தேன். வீட்டுக்கு வந்தபோது முகத்தில் என்ன இவ்வளவு பிரகாசம் என்று அப்பா கேட்டார்.

சாயங்காலம் அவளே வந்தாள். உள்ளே வா என்றேன், வரவில்லை, வாசலிலேயே நின்றாள். எது யாருடைய பல் என்றே தெரியவில்லை ஆன்ட்டி, நாலு பேருடையதைக் கண்டுபிடிச்சுட்டேன், மூணு பேரை மறுபடி வரவழைச்சு வாய் அச்சு எடுக்கணும், அதுல ஒரு பெரியவர் ரெண்டு மணி நேரம் பஸ்ல வரணும் என்றாள். சத்தம் போடவே இல்லை, போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் பொண்ணு மாதிரி நினைச்சுத்தானே செய்தேன் என்றேன். உங்க பொண்ணு வீட்டுலயும் இப்படித்தான் பூட்டைத் திறந்துக்கிட்டுப் போவீங்களா என்று கேட்டாள். பதினாறு வயதில் நீ உன் மேஜை டிராயருக்குப் பூட்டு வாங்கிப் போட்டது நினைவுக்கு வந்தது. மறுநாள்தான் உனக்கு அந்த மெசேஜ் வந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அந்தத் துணிக் குவியலில் ஒரு நீலச் சட்டை இருந்தது, உன் அளவு. அந்த அளவில் ஒரு துணியை மடித்து எத்தனை நாளாயிற்று. அவளுக்கு உதவி செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், உண்மையில் உன் நினைவாகத்தான் மடித்தேன். அதற்கு அந்தப் பெண் என்ன செய்வாள், அவள் வீடு அது.

அப்பா திட்டவில்லை. ஊரார் சட்டையையெல்லாம் தள்ளுபடி செய்தவளை இன்றைக்கு ஒருத்தி தள்ளுபடி செய்துவிட்டாள் என்று மட்டும் சொன்னார். நான் அவளிடம் முதலில் போனில் அனுமதி கேட்டுக்கொண்டு அவள் லேபுக்குப் போனேன். முதலாளியிடம் தப்பு அவளுடையது இல்லை, என்னுடையது என்று நின்று சொன்னேன். அந்த மூன்று பேர் வந்துபோன செலவை என் கையிருப்பிலிருந்து கொடுத்தேன், உன் வாடகையைத் தொடவில்லை. பிறகு ஆளை வைத்துப் பூட்டை மாற்றி, இரண்டு சாவியையும் அவள் கையிலேயே கொடுத்தேன். போவதானால் போம்மா, கிளம்புகிற அன்றைக்கே அட்வான்ஸ் முழுசாக வரும், ஒரு பைசா பிடிக்க மாட்டோம் என்றேன். அவள் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். ஐந்து நாள் அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

நேற்று வந்தாள், இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்தாள். இருக்கிறேன், ஆனால் அக்ரிமென்டில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றாள். வீட்டுக்காரர் தரப்பில் யார் வருவதானாலும் இருபத்துநாலு மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும், வந்தால் ஹாலில் நாற்காலியில் உட்கார வேண்டும், அவள் போட்டுத் தருகிற டீயைக் குடிக்க வேண்டும், குடித்த டம்ளரைக் கழுவக் கூடாது. அப்பா சிரித்த சிரிப்பில் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த டம்ளர் விஷயத்தை எழுதச் சொன்னது அவர்தான் என்று எனக்குச் சந்தேகம். வாடகை அதேதான், ஏற்றுவதைப் பற்றி இந்த வருஷம் பேசாதே, அவள் இருப்பதே பெரிது.

ஆக இரண்டாவது வீடு இப்போது வேண்டாம். ஆறு மாதத் தவணை தனியாக உன் கையில் சேரட்டும், ரிப்பேருக்குக் கொஞ்சம் ஒதுக்கு, உன் டிக்கெட் பணத்தை மட்டும் எந்த வீட்டுக்காகவும் தொடாதே. பிறகு வாங்கினால் பார்த்துக்கொள்ள என்னை விட நல்ல ஆளாகத் தேடு. விற்றவர் கையை விட்டு ஒரு தரம், வாங்கியவள் கையை விட்டுக் குடிவந்தவள் கைக்கு ஒரு தரம், வாடகை வீடு இரண்டு தரம் கைமாறுகிறது. அந்த இரண்டாவது தரத்தை நான் கவனிக்கவில்லை.

நீ நீண்ட ஆயுளோடு, நிம்மதியோடு, உன் சம்பாத்தியம் உனக்கே உதவும்படி வாழ வேண்டும், அப்பாவின் ஆசியும் இதில் உண்டு. புது அக்ரிமென்டை இதனுடன் வைத்திருக்கிறேன், மூன்றாம் பக்கத்தில் அந்த வரியை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு, மறந்துவிடாதே. இன்னொன்று, நீ கிளம்பும்போது எடுத்துக்கொண்டு போன நம் வீட்டுச் சாவி பையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். இந்தப் பூட்டை நாங்கள் மாற்றவில்லை. இங்கே வர இருபத்துநாலு மணி நேரம் முன்னால் யாருக்கும் சொல்ல வேண்டாம்.

உன் அம்மா