காய்ந்த அரைத்துணி

கட்டுகஸ்தோட்டை,
1872 ஆனி 4

என் நாயகருக்கு, கமலம் வணக்கத்தோடு எழுதுவது:

நான் நலம். நம் செல்லப்பாவுக்குத்தான் நேற்றிலிருந்து வயிற்றோட்டம். அடுத்த வீட்டு ரத்தினம்மா, "ஒரு சொட்டுத் தண்ணி குடுக்காதீங்க தங்கச்சி, போறது இன்னும் கூடும்" என்று குடத்தையே தூக்கி உயரத்தில் வைத்துவிட்டார். பிள்ளை பாலும் சரியாகக் குடிக்கவில்லை. எனக்கு விளங்காதது ஒன்று: காலையில் கட்டிய அரைத்துணி இன்னும் காய்ந்தே கிடக்கிறது. சிறுநீர் எங்கே போயிற்று? தோட்டத்து வைத்தியருக்கு வாழ்க்கைப்பட்டும் இதை அடுத்த வீட்டிலா கேட்பது? இதைக் கொண்டுவரும் பாயிஸ் நானாவின் வண்டியிலேயே பதில் அனுப்புங்கள்.

கமலம்


தெல்தெனிய,
ஆனி 5

அன்பின் கமலம்,

இங்கே கூலியாட்கள் குடியிருக்கும் லயங்களிலும் இதே நோய். விட்டு வர வழியில்லை, மனம் அங்கேதான். உன் கேள்விக்கு வருகிறேன். சிறுநீரைப் பிரிக்கும் குண்டிக்காய்க்குள் மயிரிழை போன்ற இரத்தக் குழாய்கள் சின்னச் சின்ன முடிச்சாகச் சுருண்டிருக்கும். இரத்தம் அழுத்தித் தள்ளும்போது அதிலுள்ள நீர் வடிந்து இறங்கும். அதுதான் சிறுநீராகிறது. தள்ளும் வேகம் குறைந்தால் வடிவதும் குறையும். பயப்படாதே. ரத்தினம்மா சொன்னபடி தண்ணீரை நிறுத்தி வை. இங்கே ஆசுப்பத்திரியில் நானும் அதைத்தான் செய்கிறேன்.

மயில்வாகனம்


கட்டுகஸ்தோட்டை,
ஆனி 9

என் நாயகருக்கு,

பிந்தி எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். கோபிக்க வேறு காரணம் கீழே வருகிறது.

உங்கள் கடிதம் கிடைத்த கையோடு, மூங்கில் குழாயொன்றின் அடியில் துணியை இறுக்கிக் கட்டித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். குழாய் நிறைய நின்றபோது விடாமல் சொட்டியது. தண்ணீர் இறங்க இறங்கச் சொட்டும் மெலிந்தது. கடைசியில் துணி வெறும் ஈரமாக நின்றது. பிள்ளையின் நாடியைப் பிடித்தேன்: நூல்போல. உடம்பின் நீரெல்லாம் வயிற்றால் போய்விட்டால் இரத்தம் எதை வைத்துத் தள்ளும்? தள்ளாமல் எது வடியும்? காரணத்தையும் நீங்களே எழுதிவிட்டு, தண்ணீரையும் நிறுத்தச் சொல்கிறீர்களே!

குடத்தை இறக்கினேன். கஞ்சித் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். "புள்ளைய கொல்லப் போறீங்களா? படிச்ச திமிரு!" என்று ரத்தினம்மா கத்திவிட்டுப் போனார். பிள்ளை முதலில் கக்கினான். கொஞ்சம் பொறுத்து மறுபடி கொடுத்தேன்.

இந்தத் தாளின் மூலையில் மை கரைந்திருப்பதைக் கண்டு நான் அழுதேன் என்று எண்ண வேண்டாம். மடியில் கிடப்பவன் செய்த வேலை. ரத்தினம்மாவே வந்து நனைந்த அரைத்துணியைத் தொட்டுப் பார்த்துச் சிரிக்கிறார்.

உங்கள் ஆசுப்பத்திரிக் குடமும் உயரத்திலா இருக்கிறது? இன்றைக்கே இறக்கி வையுங்கள்.

கமலம்