எழுபத்தெட்டில் நின்ற தெர்மாமீட்டர்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அப்பா எழுதுவது. அங்கே நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. இங்கே நாங்கள் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் இந்தத் தடவை அது பொய்யாகிவிடும், அதைப் போகப்போகச் சொல்கிறேன். அம்மாவின் முட்டிவலி பரவாயில்லை, மாடிப்படி ஏறி முடித்த பிறகும் என்னைத் திட்ட மூச்சு மிச்சமிருக்கிறது. உன் அறை ஜன்னலுக்குப் புதுக் கொக்கி போட்டாயிற்று.

எங்கள் ஆலையில் போன வாரம் ஒன்று நடந்தது. பட்டறைகளில் கழுவி அழுக்கான கரைப்பான்களை வாங்கிக் காய்ச்சி வடித்துச் சுத்தமாக்கித் தருவதுதான் எங்கள் பிழைப்பு என்று உனக்குத் தெரியும். அசிட்டோன் ஐம்பத்தாறு டிகிரியிலேயே கொதித்துக் கிளம்பிவிடும், ஆல்கஹால் எழுபத்தெட்டு வரை பொறுத்திருக்கும், ஆனால் டிரம்மில் பிடித்துவிட்டால் இரண்டும் பார்க்கப் பச்சைத் தண்ணீர் மாதிரித்தான். அதனால் ஒவ்வொரு டிரம்மிலும் கொஞ்சம் எடுத்துக் கொதிக்கவைத்துப் பார்த்துத்தான் சீட்டு ஒட்ட வேண்டும் என்பது விதி. நான் என்றைக்குப் பார்த்தேன்? மூடியைத் திறப்பேன், ஒரு தடவை முகர்வேன், எழுதி ஒட்டுவேன். மூக்கு இருக்கும்போது தெர்மாமீட்டர் எதுக்குன்னு இருபத்தாறு வருஷமாக ஜம்பம் அடித்தவன். மூக்கண்ணன் என்று பேரே வந்தது. ஒரு விதியை மட்டும் ஒழுங்காகச் செய்தேன், ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் ஒரு சின்னக் குப்பியில் பிடித்து, என் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்துவிடுவேன்.

போன வாரம் ஒரு பசைப் பட்டறைக்காரர் டிரம்மைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். அசிட்டோன் என்று சீட்டு இருக்கிறது, பசை கரையவே இல்லை என்று சத்தம். மேனேஜர் என்னைக் கேட்டதும் நான் சரியாத்தான் ஒட்டினேன், கிடங்கிலதான் மாத்தியிருக்காங்க என்று ஒரே போடாகப் போட்டேன். கிடங்குக்காரரை உனக்குத் தெரியும், நீ ஊருக்குப் புறப்பட்ட அன்றைக்கு உன் பெட்டிகளைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாரே அவர்தான். நான் மாத்தலண்ணே என்று மட்டும் சொன்னார். எனக்குத்தான் நான் பிடித்த முயலுக்கு மூணே கால் ஆச்சே. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவரை அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் பரிசோதனைக்கூடத்துப் பெண் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் குப்பியை எடுத்து, குடுவையில் ஊற்றி, வெந்நீர்த் தொட்டியில் வைத்தாள். நானும் மிடுக்காகப் பக்கத்தில் போய் நின்றேன். ஐம்பத்தாறு வந்ததும் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பாதரசம் அங்கே நிற்கவே இல்லை. அறுபது, எழுபது என்று போய் எழுபத்தெட்டில் குமிழ் கிளம்பியதும் நின்றுவிட்டது. இன்னும் சூட்டைக் கூட்டிப் பாரும்மா என்றேன். கூட்டினாள், தளதளவென்று கொதித்ததே தவிர ஒரு கோடு ஏறவில்லை. இது கொதிக்கிற எடம் இதுதான் சார், நீங்க சொல்றதுக்காக மாறாது என்றாள். என் கையால் பிடித்த குப்பியிலேயே இருந்தது ஆல்கஹால். நான் குனிந்து முகர்ந்தேன், சின்னக்குட்டி. ஒன்றுமே இல்லை. போன மழைக்காலத்தில் வந்த அந்தக் காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்தே எனக்கு எந்த வாசனையும் சரியாகத் தெரியவில்லை. எந்தத் தொட்டியிலிருந்து வந்தது என்று பார்த்துக் குத்துமதிப்பாக எழுதிக்கொண்டிருந்தேன், பேர் போய்விடுமே என்று யாரிடமும் சொல்லவில்லை.

நேரே மேனேஜரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். பிறகு கிடங்குக்காரர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். சைக்கிள் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு உட்காருங்கண்ணே என்றார். திங்கட்கிழமை வேலைக்கு வருகிறார். ஆனால் வாசல்வரை வந்து வழியனுப்பவில்லை, அது நியாயம்தான். எனக்கு ரொம்ப வெட்கமாக இருக்கிறது.

என் மூக்கு போனது அம்மாவுக்கு முன்பே தெரியுமாம். பால் தீய்ந்து வீடெல்லாம் நாறியபோது நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேனாம். வியாழக்கிழமை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகிறாள்.

இன்னொன்று. என் கை வெடிப்புக்கு நீ ஒரு கிரீம் அனுப்பினாயே, அறையே மணக்கிறது, பிரமாதமான வாசனை என்று உனக்கு எழுதினேன். நேற்று அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவின் அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள். மணம் சேர்க்காதது என்று போட்டிருக்கிறது. நான் அப்படி எழுதின பிறகு வந்த மூன்று கடிதத்திலும் சளி பிடிச்சிருக்காப்பா, மூக்கு அடைக்குதா என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். நான்தான் எனக்கென்ன கேடு என்று எரிந்து விழுந்து பதில் எழுதினேன்.

நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் நல்லா இரு கண்ணு. தூங்கப் போகுமுன் அடுப்பை ஒரு தரம் பார்த்துவிட்டுப் படு. கிரீம் இன்னும் பாதி இருக்கிறது, தினமும் போடுகிறேன், கை ஆறிவிட்டது. இது நிஜம்.

இப்போதெல்லாம் கொதிக்கவைத்துப் பார்த்தே சீட்டு ஒட்டும்,
உன் அப்பா