தயிர்க்கடை பெஞ்சில் அத்தை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் கால்வலியைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். யாத்திரை முடிந்து முந்தாநாள் காலை அத்தையையும் கூட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் பேசும்போதெல்லாம் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள், அவளைப் பற்றி அவள் எதிரிலேயே நாலு நல்ல வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியாததா. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முப்பத்திரண்டு வருஷம் உணவு ஆய்வாளராக இருந்தவன் உங்களை ரோட்டோரக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க விட்டதில்லை, பள்ளிக்கூட வாசலில் நீ ஒரு தடவை ஐஸ் வாங்கித் தின்றதற்கு நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் புத்தியோடுதான் போனேன். அந்தப் புண்ணிய ஊரிலோ கோயிலைச் சுற்றி ஒவ்வொரு சந்திலும் அடுப்பு எரிகிறது. விடுதிப் படியிறங்கினால் கொதிக்கும் எண்ணெய், நாலடி தள்ளிப் புளிப்பும் காரமும் போட்டுக் குலுக்கும் பொரி, அதற்கப்பால் மண் குவளையில் ஏடு மிதக்கும் பால். நான் எண்ணெயின் நிறத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்ததுமே உன் அம்மா சொல்லிவிட்டாள், "இந்த நாலு நாளும் நீங்க ஆபீசர் இல்ல, என் வீட்டுக்காரர், பேசாம வாங்க." அவளுக்கு அந்த ஊர் பாஷையில் ஒரு சொல் தெரியாது. ஆனால் கடை முன்னால் நின்று கையை ஆட்டியே மாவில் என்ன கலக்கிறார்கள், எத்தனை மணி நேரம் ஊறுகிறது என்றெல்லாம் கறந்துவிடுவாள். பால்கடைக்காரர் அவளை அடுப்பருகே கூப்பிட்டு ஏடு கலையாமல் எப்படி எடுப்பது என்று செய்தே காட்டினார். அத்தை பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக ருசி பார்த்தாள், என்னைக் கண்டால் மட்டும் வாயைத் துடைத்துக்கொள்வாள், சர்க்கரை வியாதிக்காரி அல்லவா. கல்யாணமான நாளிலிருந்து உன் அம்மா சமைத்த எதையும் ஒரு நொட்டை சொல்லாமல் சாப்பிடாதவள், அவள் கையால் வாங்கிக் கொடுத்ததைச் சத்தமில்லாமல் தின்றாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் தரிசன வரிசையிலிருந்து வெளியே வந்து பார்த்தால் அத்தையைக் காணோம். எழுபத்தாறு வயது, காது கேட்காது, போன் விடுதி அறையில் சார்ஜரில் தொங்குகிறது, ஊசி போட்டு ஆறு மணி நேரம் ஆகிறது. நான் உதவி மையத்துக்கு ஓடி, புடவை நிறம், உயரம் எல்லாம் எழுதிக் கொடுத்து மைக்கில் மூன்று தடவை சொல்ல வைத்தேன், ஒருமணி நேரம் போனது, ஆள் வரவில்லை. உன் அம்மாவோ, "கேக்காத காதை வச்சுக்கிட்டு அண்ணி உங்க மைக்கை எங்க கேக்கப்போறாங்க, பசிச்சா எதைத் தேடுவாங்கன்னு எனக்குத் தெரியும்" என்று விறுவிறுவென்று சந்துக்குள் நடந்தாள். கோபம் வந்தாலும் என் நம்பரை மையத்தில் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே போனேன்.

எண்ணெய்ப் பலகாரக் கடையை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கீழ்ப்பல் செட்டு இரண்டு நாளாக அத்தையைக் குத்துகிறதாம், கடிக்கிற பண்டம் ஆகாதாம், கூடவே இருந்த தம்பி எனக்கு அது தெரியாது. பொரிக்கடைப் பெண்ணிடம் காதைப் பொத்திக் காட்டி, பல்லில்லாமல் மெல்வதுபோல் வாயைக் குவித்தாள், அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கண்ணைக் கசக்கி நாக்கை நீட்டினாள். "காரத்தைத் தின்னு கண்ணு கலங்கியிருக்காங்க, இனி குளிர்ச்சியாத்தான் தேடுவாங்க" என்றாள் உன் அம்மா. அந்தச் சந்து முடிவில் இரண்டு தயிர்க்கடை, ஒன்று புளித்த தயிர், மற்றது இனிப்பு. நான் புளித்த பக்கம் திரும்பினேன். அவள் கேட்டாள், "சர்க்கரை இருக்கிறவங்க தடுக்க ஆளில்லாம தனியா இருந்தா எங்க போவாங்க?"

இனிப்புத் தயிர்க்கடை பெஞ்சில் அத்தை உட்கார்ந்திருந்தாள். மோவாயில் தயிர், மடியில் பல் செட்டு, பக்கத்தில் இரண்டு காலிக் கிண்ணம். நான் ஓடிப்போய், பயப்படவில்லையா என்று அவள் காதோரம் கத்தினேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், "நான் எதுக்குடா பயப்படணும்? நீ தேடினா நாளைக்கு வருவே. அவ தேடினா நேரா இங்கதான் வருவா. அதான் எந்திரிக்காம உக்காந்திருக்கேன்." உன் அம்மா முந்தானையால் அத்தையின் மோவாயைத் துடைத்துவிட்டாள். கடைக்காரர் எனக்கும் ஒரு கிண்ணம் நீட்டினார், அது கழுவியதா இல்லையா என்று நான் பார்க்கவில்லை, தின்றுவிட்டேன். அன்று சர்க்கரை எகிறித்தான் இருந்தது, டாக்டரிடம் போனில் கேட்டு மருந்து கொடுத்துச் சரியாயிற்று. முப்பத்திரண்டு வருஷ வேலையில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன் மகளே, ஒரு மனுஷியை இத்தனை கூர்மையாகக் கவனித்து வைத்திருக்கிறவளை அன்றுதான் பார்த்தேன், அவள் என் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் அத்தை குழம்பில் உப்பு பற்றவில்லை என்றாள், அது வேறு விஷயம்.

குளிர் நாளில் காதைக் கட்டிக்கொண்டு வெளியே போ, மாப்பிள்ளையை இரவு வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல். ரெண்டு பேரும் நூறு வயசு நோய்நொடி இல்லாமல் வாழ எங்கள் ஆசி. ஒன்று மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் பண்ணி, அத்தையை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று நீயாகக் கேள். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே, அத்தை காணாமல் போனதை மட்டும் போனில் சொன்னதாக இருக்கட்டும். ஒன்றுமில்லை, சும்மா போனேன், இருந்தாங்க என்றுதான் முதலில் சொல்லுவாள், விடாதே, முழுசாகச் சொல்லவை. நான் அடுத்த அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா